பிளம் தோப்பிலிருந்து பதில்கள்

சென்ற இதழில் செர்பியாவின் பிளம் ராக்கியாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். பழத்தைப் புளிக்கவைத்து, அந்த ஊறலைச் செப்புக் கொப்பரையில் வடித்து எடுக்கும் மதுவுக்கு ராக்கியா என்று பெயர். பிளம் பழத்தில் வடித்தால் அது ஷ்லிவோவிட்ஸா. கோர்ன்யி மிலானோவட்ஸ் ஊருக்கு அருகில், ருட்னிக் மலைச் சரிவில் உள்ள ஒரு குடும்ப வடிசாலைக்கு நான் மருமகளாக வந்து பதினொரு வருடம் ஆகிறது. மாமனார் வடிக்கிறார், கணவர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். லேபிள் எழுதுவது, கடைக்காரர்களிடம் பேசுவது, வருகிறவர்களுக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் வடிசாலையின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நம் கடையை விரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா, என்னோடு பெல்கிரேடில் வேலை பார்க்கும் செர்பிய நண்பனின் அப்பா, வால்யெவோ பக்கத்தில் வருடத்துக்கு 800 லிட்டர் ஷ்லிவோவிட்ஸா வடிக்கிறார். இப்போதுதான் பதிவு செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். விளம்பர வேலையில் உதவுவதாகச் சொல்லிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
(கணினித் துறை வாசகர், பெல்கிரேட்)

தோப்பிலிருந்து தொடங்குங்கள், தம்பி. பாட்டிலின் வடிவம், லேபிளின் நிறம், புகைப்படம் எல்லாம் அப்புறம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரோடு மரங்களுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க நடங்கள். எந்த ரகம், எத்தனை மரம், யார் வைத்தது, எந்தச் சரிவில் வெயில் அதிகம், போன வருடம் எந்த வாரத்தில் பழம் உதிர்ந்தது, எந்த வருடம் உறைபனியில் பூ கருகியது என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்லப்போகும் எல்லாமே அந்த நோட்டுக்குள் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் லேபிள் வேலையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தோம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, வாளேந்திய வீரன், அரச பரம்பரை என்று ஒரு வாசகம். 600 பாட்டிலுக்கு அச்சடித்தோம். பெல்கிரேடில் ஒரு கடையின் அலமாரியில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஐந்து பாட்டிலிலும் கறுப்பு, தங்கம், வீரன். எங்கள் வீட்டுப் பாட்டில் எது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கனத்துப்போயிருந்தது. மாமனார் அந்த வருடம் மழைக்கு நடுவே பதினெட்டு நாள் கூட்டி எடுத்த பழத்தைப் பற்றி அந்த அட்டையில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த வருடம் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போட்டோம். பழத்தின் ரகம், பறித்த வருடம், தோப்பு இருக்கும் மேட்டுக்கு ஊரில் வழங்கும் பெயர், எத்தனை முறை வடித்தது, எந்த மரப் பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது, அந்த வடிப்பில் மொத்தம் எத்தனை பாட்டில், இது எத்தனையாவது. வேறு எதுவும் இல்லை. சாச்சக்கில் ஒரு கடைக்காரர் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "ட்ஸ்ர்வெனா ராங்கா ரகப் பிளம்மா? எங்கள் தாத்தா வீட்டு முற்றத்தில் நின்ற மரம்" என்றார். அன்றே இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டார். விலை பற்றிக் கேட்டதே கடைசியில்தான்.

ரகத்தின் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் வீட்டுக்கும் இது பொருந்தும். செர்பியாவின் பழைய பிளம் போஷெகாச்சா. சிறிய பழம், நீலத் தோல், சர்க்கரை நிறைய, செப்டம்பரில் பழுக்கும். அப்படியே தின்னவும், உலர்த்தவும், வடிக்கவும் அதற்கு ஈடு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஷார்கா என்ற வைரஸ் நோய்க்கு அந்த மரம் தாங்காது. அசுவினிப் பூச்சியாலும் ஒட்டுக் கட்டும் குச்சியாலும் பரவும் நோய் அது. பழம் பழுப்பதற்கு முன்பே கொட்டிவிடும். சென்ற நூற்றாண்டில் தோப்பு தோப்பாகப் போஷெகாச்சா போனது இப்படித்தான். சாச்சக்கில் 1946-இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையம் புதிய ரகங்களை உருவாக்கியது. ஸ்டான்லி என்ற ரகத்தையும் போஷெகாச்சாவையும் இணைத்துப் பிறந்தது சாச்சன்ஸ்கா ரோட்னா. வாங்கன்ஹைம் என்ற ரகத்தோடு இணைத்தது சாச்சன்ஸ்கா லெபோட்டிட்சா. இன்று மலைச்சரிவில் நீங்கள் பார்க்கும் பல தோப்புகள் இந்தப் பிள்ளைகள்தான். ட்ஸ்ர்வெனா ராங்கா வேறு கதை. சிவப்புப் பழம், முன்னதாகப் பழுக்கும். தின்பதற்குப் பெரிய சுவை இல்லை, வடித்தால் வாசனை தனியாக நிற்கும். அதை வடிப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். "உயர்தர ஷ்லிவோவிட்ஸா" என்று எழுதினால் யாரும் எழுதலாம். "நோயில் பிழைத்த 60 போஷெகாச்சா மரங்களின் பழம்" என்று எங்களால் எழுத முடியும், பக்கத்துத் தோப்புக்காரரால் முடியாது. அவரிடம் வேறொன்று இருக்கும், அதை அவர் எழுதட்டும்.

எழுதுவது ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும், தம்பி. பாதி ரோட்னா கலந்திருந்தால் பாதி ரோட்னா என்றே போடுங்கள். மூன்று வருடப் பீப்பாயை ஏழு வருடம் என்று எழுதச் சொல்லி ஒரு மொத்த வியாபாரி என்னிடம் கேட்டார். வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுகிற ஆட்கள் செர்பியாவில் கிராமத்துக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஒருமுறை பெயர் கெட்டால் மலையோர ஊரில் அது பேரன் காலம் வரை நிற்கும்.

பாட்டிலில் வரி முத்திரைத் தாள், வடிப்பு எண், ஆய்வுக்கூடச் சான்று இந்த மூன்றும் இல்லாமல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. நண்பனுக்கு வேண்டியவர், தெரிந்தவர் என்று பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுக்க ஆரம்பித்தால் பதிவு செய்ததே வீண்.

முதலில் யாரிடம் போவது? பெல்கிரேடின் பெரிய கடைகளை விட்டுவிடுங்கள். வால்யெவோவைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கஃபானாக்கள், அதாவது ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள், விருந்தினர் வீடுகள். அங்கே பரிமாறுபவருக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கித் தோப்பைக் காட்டுங்கள். வெளியூர்க்காரர் "உள்ளூரில் நல்லது எது?" என்று கேட்கும்போது பதில் சொல்லப்போவது அவர்தான். நாங்கள் பத்து விளம்பரத்துக்குச் செலவழித்ததைவிட, ஒன்பது பரிமாறுபவர்களை ஒரு நாள் கொப்பரை பக்கத்தில் உட்காரவைத்தது அதிகம் பலன் கொடுத்தது. நோவி சாத்தில் மே மாதம் நடக்கும் வேளாண் கண்காட்சியில் மதுவகைகளுக்குத் தர மதிப்பீடு உண்டு. அதற்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள். பதக்கம் வந்தால் சந்தோஷம். பதக்கம் வராவிட்டாலும், தேர்ந்த மூக்கு உள்ளவர்கள் நம் வடிப்பை முகர்ந்திருப்பார்கள் அல்லவா, அதுவே பெரிய விஷயம்.

ஷ்லிவோவிட்ஸாவை யுனெஸ்கோ அங்கீகரித்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எல்லாப் பாட்டிலிலும் யுனெஸ்கோ முத்திரை போடலாமா?
(மாணவி, நோவி சாத்)

போடக் கூடாது அம்மா. நல்ல கேள்வி, பல வடிசாலைக்காரர்களே இதில் தடுமாறுகிறார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது பாட்டில் அல்ல. ஷ்லிவோவிட்ஸாவைத் தயாரிப்பதையும் பயன்படுத்துவதையும் சார்ந்த சமூக வழக்கங்களும் அறிவும்தான் சேர்ந்தன. பழம் கூட்டும் நாளில் அண்டை வீட்டார் கைகொடுப்பது, வடியும்போது முதலில் வரும் குடிக்கத் தகாத பகுதியை எப்போது பிரித்து வெட்டுவது என்று மூக்கால் அறிவது, ஸ்லாவா என்னும் குலப் புனிதர் நாளில் முதல் கோப்பையை எப்படி எடுப்பது, இவையெல்லாம். ஸ்லாவாவே 2014-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்த அறிவு நம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். நம் பாட்டிலுக்கு யாரோ சான்று கொடுத்துவிட்டதாகக் காட்டுவது தப்பு.

பழ மதுவில் மெத்தனால் இருக்கும், கண் போய்விடும் என்கிறார்களே. உண்மையைச் சொல்லுங்கள்.
(கட்டுமானத் துறை வாசகர், நீஷ்)

உண்மையையே சொல்கிறேன் ஐயா. பழத்தில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. ஜாம் கெட்டியாவது அதனால்தான். புளிக்கும்போது அந்தப் பெக்டினிலிருந்து கொஞ்சம் மெத்தனால் உண்டாகும். எந்தப் பழ மதுவும் இதற்கு விலக்கல்ல. அதனால்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கலப்பில்லாத ஆல்கஹால் கணக்கில் 100 லிட்டருக்கு பிளம் என்றால் 1,200 கிராம், துன்யா என்றால் 1,350 கிராம் வரை. துன்யா என்பது சீமை மாதுளை, பெக்டின் மிகுந்த பழம்.

கிராமத்தில் "தலையை வெட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும்" என்று சொல்வார்கள். மாமனாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு குளிர்காலம் முழுக்க இதைப் பேசினோம். முதலில் வடியும் துளிகளில், அதாவது தலையில், அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் அதிகம். நகச்சாயம் துடைக்கும் திரவம் போல மூக்கைக் குத்தும் வாசனை அதனுடையது. எங்கள் வீட்டில் மறுவடிப்பின்போது 100 லிட்டர் கொப்பரைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தலையை எடுத்துத் தனியே வைத்துவிடுவோம், அது குடிக்க அல்ல. ஆனால் மெத்தனால் தலையில் மட்டும் வந்துவிட்டு நிற்பதில்லை. வடிப்பு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே வெட்டுவது மட்டும் போதாது. அழுகாத பழம், இலையும் காம்பும் நீக்கிய ஊறல், புளித்து முடிந்ததும் நாள் கடத்தாமல் வடிப்பது, கடைசியில் ஆய்வுக்கூடச் சோதனை. கொட்டையையும் பார்க்க வேண்டும். நொறுங்கிய பிளம் கொட்டையிலிருந்து வாதுமை வாசனையோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். அதற்கும் வரம்பு உண்டு, அதே கணக்கில் 7 கிராம்.

ஆளைக் கொல்வது ஒழுங்காக வடித்த ராக்கியா அல்ல. பணத்துக்காகத் தொழிற்சாலை மெத்தனாலைக் கலக்கும் போலிச் சரக்கு. 1998-இல் செர்பியாவில் அப்படிக் கலந்த போலி ராக்கியாவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். மாமனார் இன்னும் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசினால் குரல் தாழ்ந்துவிடும். சாலையோரம் பெயரில்லாத பாட்டிலை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். மலிவு என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

மஞ்சள் நிறம் உயர்ந்ததா, வெள்ளை உயர்ந்ததா?

நிறத்தில் உயர்வு தாழ்வு இல்லை. கொப்பரையிலிருந்து வரும் எந்த ராக்கியாவும் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஓக் பீப்பாயில் வைத்தால் பொன்னிறம் ஏறும், மல்பெரி மரப் பீப்பாயில் சீக்கிரமே பளிச்சென்ற மஞ்சள் வரும். ஷ்லிவோவிட்ஸாவுக்குப் பீப்பாய் பொருந்தும். ஆனால் பேரி, ஆப்ரிகாட், துன்யா போன்றவற்றைக் கண்ணாடியிலோ எஃகுத் தொட்டியிலோதான் வைக்கிறோம், மர வாசனை பழத்தை அமுக்கிவிடும்.

ஒரு கடைக்காரர் எங்களிடம் "இன்னும் கொஞ்சம் கருப்பாக வேண்டும், கேரமல் ஊற்றிக் கொடுங்கள், இரு மடங்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அந்த வருடம் டிராக்டர் கடன் இருந்தது, பணம் தேவையாகத்தான் இருந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் பாட்டில்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

துன்யா ராக்கியா ஏன் பிளம்மைவிட அவ்வளவு விலை?

பழக் கணக்குதான். ஒரு லிட்டர் ஷ்லிவோவிட்ஸாவுக்கு ஏறக்குறைய 10 கிலோ பிளம். துன்யாவில் சர்க்கரை குறைவு, சாறும் குறைவு, கல் மாதிரி கெட்டி, அரைத்துத்தான் ஊறவைக்க வேண்டும். 15 கிலோவுக்கு மேல் போகும். ராஸ்பெரி என்றால் 20 கிலோவைத் தாண்டும். அரில்யே பக்கத்தில் ராஸ்பெரி பறிக்கும் பெண்களோடு நான் ஒரு நாள் நின்றிருக்கிறேன், அந்த முதுகு வலிக்கு என்ன விலை போட்டாலும் தகும். எங்கள் 0.7 லிட்டர் ஷ்லிவோவிட்ஸா 2,400 தினார், துன்யா 3,300. ஒரு யூரோ 117 தினார் என்று வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் 45 சதவீதம் என்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் "பதினெட்டு" என்கிறார்கள். எதை நம்புவது? போட்டிக்கு அதிகக் காரமாகச் செய்தால் பெயர் கிடைக்குமா?

இரண்டும் ஒன்றுதான். கிராமத்தில் "கிராட்" என்ற பழைய அளவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கிராட் கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம். 18 கிராட் என்றால் 45, 20 என்றால் 50.

முதல் வடிப்பில் வருவது மெக்கா, அதாவது மென்மையானது. அதில் காரம் குறைவு. மூன்று நாலு கொப்பரை மெக்காவைச் சேர்த்து மறுபடி வடித்தால் ப்ரெபெச்செனிட்சா கிடைக்கும். அதில் தலையை வெட்டி, நடுவை எடுத்து, வால் பகுதியை நிறுத்துவதில்தான் வடிப்பவரின் திறமை இருக்கிறது. எங்கள் மாமனார் வால் வருகிறதா என்று உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்ப்பார். ஆல்கஹால் பறந்த பிறகு பழ வாசனை நின்றால் தொடரலாம், ஈரத் துணி வாசனை வந்தால் குழாயை மாற்ற வேண்டும். பாட்டிலைக் குலுக்கினால் மேலே ஓரத்தில் குமிழிகள் மணிமாலைபோல் கோத்து நிற்கும். அதற்கு ஜெர்டான், அதாவது கழுத்தணி என்று பெயர். வந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த மாலையைத்தான். குழந்தைகள்கூடக் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

காரத்தால் பெயர் வாங்க நினைக்காதீர்கள். 55 சதவீதத்தில் நாக்கு எரியும், பழம் தெரியாது. காரத்தைப் பெருமையாக எழுதிய பாட்டிலை வாங்குபவர் அதைப் பந்தயம் கட்டத்தான் வாங்குவார், சுவைக்க அல்ல.

பெண்ணே, நான் உன் அம்மா வயதுக்காரி. மதுவுக்கு விளம்பரம் செய்கிற வேலையை எப்படி மனசாரச் செய்கிறாய்?
(மூத்த வாசகி)

அம்மா, இதே கேள்வியை என் அம்மா முதல் வருடம் தொலைபேசியில் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது முயற்சி செய்கிறேன்.

குடியால் கெட்ட வீட்டை நான் இங்கேயும் பார்த்திருக்கிறேன். அது நடக்கவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆகவே சில வேலைகளைச் செய்வதில்லை என்று மாமியாரோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். உடம்புக்கு நல்லது, ஜலதோஷம் போகும், பசி எடுக்கும் என்று எங்கும் எழுத மாட்டோம். செர்பியாவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. நாங்கள் அந்த வயதினர் முகத்தைப் படத்தில்கூட வைப்பதில்லை. தோப்பு பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று வகை, ஒவ்வொன்றும் ஒரு விரலளவு, அத்துடன் ரொட்டி, கய்மாக் என்ற கெட்டிப் பாலாடை, புகையூட்டிய இறைச்சி. நாலாவது கேட்டால் மாமியார் காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பார். வண்டி ஓட்டுகிறவருக்கு முகர்ந்து பார்க்க மட்டும். இரண்டு முறை இதனால் சண்டையே வந்திருக்கிறது, அப்படியும் மாற்றவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிளம் ஒரு வாரத்தில் கெடும் பழம். நல்ல விளைச்சல் வருடத்தில் வாங்குபவர்கள் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், மரத்தடியிலேயே பழம் அழுகும். வடிக்கத் தெரிந்த வீடு அந்த வருடத்தைத் தாண்டிவிடும். எங்கள் ஊரில் பூட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. என் கணவரோடு படித்தவர்களில் பலர் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வேலை செய்கிறார்கள். நாங்கள் இந்தச் சரிவில் தங்கியிருப்பதற்கு இந்தக் கொப்பரைதான் காரணம்.

அப்புறம், இங்கே அது எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு கரண்டி ஸ்லாட்கோ, அதாவது சர்க்கரைப் பாகில் இட்ட பழம், கூடவே ஒரு குவளைத் தண்ணீர். அதன் பிறகே சின்னக் கோப்பையில் ராக்கியா. துக்க வீட்டில் கோப்பைகளை மோத மாட்டார்கள், இறந்தவருக்காகச் சில சொட்டு மண்ணில் விடுவார்கள். கல்யாணத்துக்கு அழைக்கப் போகும்போது புக்லியா என்ற செதுக்கிய மரக் குப்பியில் ராக்கியாவைக் கொண்டுபோவார்கள். அழைக்கப்பட்டவர் ஒரு வாய் குடித்துவிட்டு, குப்பியில் ஒரு நாணயத்தைக் கட்டி, குறைந்த அளவைத் தன் வீட்டு ராக்கியாவால் நிரப்பித் திருப்பிக் கொடுப்பார். என் கல்யாணத்துக்கு மைத்துனர் கொண்டுபோன புக்லியா நாற்பது வீடு சுற்றி வந்தது. கடைசியில் அதற்குள் இருந்தது எந்த ஒரு வீட்டின் ராக்கியாவும் இல்லை. என் அம்மா அந்தக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாணயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

செப்டம்பரில் நண்பர்கள் நாலு பேர் செர்பியா வருகிறோம். கொப்பரை எரிவதைப் பார்க்க முடியுமா? எப்படி வருவது?

தாராளமாகப் பார்க்கலாம். முதலில் விசா. 2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கிளம்பும் முன் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்கிரேடிலிருந்து சாச்சக்குக்கு 'மிலோஷ் வெலிக்கி' நெடுஞ்சாலை 2019-இல் திறந்த பிறகு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். வழியில் தாக்கோவோ வரும். 1815-இல் இரண்டாம் செர்பிய எழுச்சி தொடங்கிய இடம், இறங்கிப் பாருங்கள். சாச்சக்கைத் தாண்டி ஓவ்ச்சார், காப்லார் மலைகளுக்கு நடுவே ஆறு வளைந்து போகும், கரையோரம் மடாலயங்கள். ஒரு நாள் அதற்கு ஒதுக்கலாம். அக்டோபர் வரை இருந்தால் தொபோலாவில் திராட்சை அறுவடை விழாவும் கிடைக்கும்.

நாலு பேரில் ஒருவர் வண்டிக்கு என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். செர்பியாவில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.2 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, ஒரு சின்னக் கோப்பையே அதைத் தாண்டவைக்கும். அல்லது ஊரிலேயே இரவு தங்குங்கள். விருந்தினர் வீடுகள் இருக்கின்றன, காலை உணவு நன்றாக இருக்கும்.

எந்த வடிசாலைக்குப் போனாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் கடைசியில் பழம் கூட்டத் தொடங்குவோம். ஊறல் புளிக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும், இரவு குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். அதனால் செப்டம்பர் 20-க்குப் பிறகு வந்தால் கொப்பரை எரிய வாய்ப்பு அதிகம். மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அப்பி ஆவி கசியாமல் அடைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும். மாமனார் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், புகை வாசனை துவைத்தாலும் நாலு நாள் போகாது.